மூன்று நிமிடப் பேச்சு

முட்டம்
3.9.2002

டெனிஷ் அப்பாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் பிள்ளையும் சுகம். உங்கள் சுகத்தைக் கையெழுத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. போனில் எப்போது கேட்டாலும் ‘பரவாயில்லை’ என்று ஒரே பதில்.

ஒரு செய்தி. சிரிக்கக் கூடாது. அக்டோபரில் நான் துபாய் வருகிறேன். வறுமை, கடல், வேலை என்று உலகத்துப் பிரச்சினைகளையெல்லாம் ஒரு பெரிய ஓட்டலில் மூன்று நாள் பேசப் போகிறார்களாம். மீன் விற்கும் பெண்களில் ஒருத்தி வேண்டும் என்று எங்கள் சங்கத்துக்கு எழுதினார்கள். தலைவி நான்தானே. சரோஜா டீச்சர் என்கூடவே வந்து என் பேச்சை இங்கிலீஷில் சொல்வார். ஏழு வருஷமாக விசா எடுத்துக் கூப்பிடுகிறேன் என்றீர்கள். கடைசியில் உலகத்துக்கே கஷ்டம் வந்ததால்தான் எனக்கு விமானம் ஏற வாய்த்தது.

டிசம்பரில் உங்கள் காண்ட்ராக்ட் முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போடாதீர்கள். சங்கத்து ஐஸ் பிளாண்டுக்கு மெஷின் தெரிந்த ஆள் தேவைப்படுகிறது. மற்றதை விடுங்கள், இதற்குப் பதில் எழுதுங்கள்.

ரெபேக்காள்

கராமா, துபாய்
17.9.2002

அன்புள்ள ரெபேக்காவுக்கு,

சிரிக்கவில்லை. ரூமில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பக்கத்துக் கட்டில் ஈசா உனக்கு ஒரு சால்வை போடப் போகிறானாம்.

இன்னொன்று கேள். அந்த மாநாட்டுக்கு மைக், ஹெட்போன் எல்லாம் எங்கள் கம்பெனிதான். மண்டபத்துக்குப் பின்னால் கண்ணாடி அறையில் நான் இருப்பேன். ஆளுக்கு மூன்று நிமிஷம். சிவப்பு விளக்கு எரிந்ததும் மைக்கை அணைக்க வேண்டும், அதுதான் என் டியூட்டி. அதனால் வளவளவென்று இழுக்காமல் முடித்துக்கொள். நீ என் மனைவி என்று ஆபீசில் சொல்லவில்லை. எதற்கு வீண் பேச்சு.

காண்ட்ராக்ட் விஷயம் நேரில் பேசலாம். டெனிஷை ஒழுங்காகப் படிக்கச் சொல்.

வில்பிரட்

கராமா
27.10.2002

அன்புள்ள ரெபேக்கா,

நல்லபடியாக வீடு சேர்ந்திருப்பாய். நீ மாநாட்டில் பேசிய அன்று சாயங்காலம் இங்கே கராமா ஓட்டலில் தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டு எழுந்தாய். நான் என்ன பேசினாலும் ‘உம்’. காண்ட்ராக்ட் பற்றிக்கூட வாய் திறக்கவில்லை.

உன் கோபம் தெரிகிறது. மைக்கை அணைத்தது நான்தான். உனக்கு முன்னால் பேசிய பிலிப்பைன்ஸ்காரருக்கும் அப்படித்தான் செய்தேன். என் சூப்பர்வைசர் பத்மநாபன் சார் பக்கத்திலேயே நிற்கிறார். பெண்டாட்டி என்று விட்டிருந்தால் நாளைக்கு என் பேர் என்ன ஆகும்?

டிசம்பர் முதல் தேதி கையெழுத்துப் போட வரச் சொல்லியிருக்கிறார்கள். நீ ஒன்றும் சொல்லாததால் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். இன்னும் இரண்டே வருஷம்தானே.

வில்பிரட்

முட்டம்
8.11.2002

டெனிஷ் அப்பாவுக்கு,

பிலிப்பைன்ஸ்காரரைப் பார்த்தேன். எனக்குப் பின்னால் பேசிய மந்திரியையும் பார்த்தேன். எந்த நாட்டு மந்திரியோ, பதினோரு நிமிஷம் பேசினார். சிவப்பு விளக்கு அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்கு மூன்று நிமிஷத்தில் பாதி டீச்சர் இங்கிலீஷில் சொல்லவே போய்விட்டது.

நான் பேசியதை நீங்கள் கேட்டீர்களோ, கடிகாரத்தைத்தான் பார்த்தீர்களோ. ‘இங்கே வறுமைக்கு ஒரு நாள், கடலுக்கு ஒரு நாள், வேலைக்கு ஒரு நாள் வைத்திருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் மூன்றும் ஒன்றுதான். பெரிய கப்பல்கள் குஞ்சு மீனையும் வாரிக்கொண்டு போகின்றன’ என்றேன். அதோடு சத்தம் நின்றுவிட்டது.

அடுத்து எழுதி வைத்திருந்தது இதுதான். ‘மீன் போனது, அதன் பின்னால் என் வீட்டுக்காரரும் போனார். மீனைத் திரும்பக் கொண்டுவர நீங்கள் வழி பாருங்கள். அவரை நான் கூப்பிட்டுக்கொள்கிறேன், அவர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்.’

வீட்டில் சொன்னால் கேட்க மாட்டீர்கள், இத்தனை பேர் முன்னால் கேட்டால் தட்ட மாட்டீர்கள் என்று ஒரு ஆசை. மைக் நின்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் நீங்கள் என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

இனி கேட்க மாட்டேன். கையெழுத்துப் போடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

ரெபேக்காள்

கராமா
20.11.2002

ரெபேக்கா,

உன் கடிதத்தை வேலைக்குப் போகும் வண்டியில் படித்தேன். பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இறங்கியதும் நேராகப் பத்மநாபன் சாரிடம் போய், அன்றைக்கு மீன்காரர்களுக்காகப் பேசிய பெண் என் மனைவி என்றேன். “ஏன்யா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ரெண்டு நிமிஷம் கூட்டிக் குடுத்திருப்பேனே. மந்திரியோட ஆள் வந்து கேட்டான், குடுத்தேன்” என்றார்.

கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. உனக்கு விசா கேட்டதும் கிடையாது. ஆபீசில் இழுத்தடிக்கிறார்கள் என்று உன்னிடம் சொன்னதெல்லாம் பொய். கேட்டால் இருக்கிற வேலையும் போய்விடும் என்ற பயத்திலேயே ஏழு வருஷத்தை ஓட்டிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

நின்ற இடத்திலேயே இன்னொன்றும் கேட்டேன். கையெழுத்துப் போடவில்லை, ஆபீசில் வாங்கி வைத்திருக்கும் என் பாஸ்போர்ட் வேண்டும் என்றேன். “கலாஸா? எல்லாம் முடிச்சுக்கிறியா?” என்றார். கலாஸ் என்றேன். டிசம்பர் பதினாறாம் தேதி திருவனந்தபுரம் விமானம்.

அதற்குள் மன்னித்துவிட்டேன் என்று எழுதி அனுப்பாதே. கோபத்தை அப்படியே வைத்திரு. நான் வந்து எதிரில் உட்கார்ந்த பிறகு, எல்லாவற்றையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்.

வில்பிரட்