ஞாயிற்றுக்கிழமைக் கட்டம்

மார்ச் 7, வெள்ளி

ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள். குருவி அக்காவுக்குப் பிறந்தநாள். வாய் ஓயாது என்பதால் எல்லோருக்கும் அவர் குருவி. மாலையில் கும்பலாகச் சினிமாவுக்குப் போனார்கள். எனக்கு வீட்டில் வேலை என்றேன். வேலை ஒன்றுமில்லை.

“பரிசுத்தத்த விடுங்கப்பா. வந்தா இடைவேளையில நமக்கும் சேத்து ஜெபம் பண்ணும்” என்றார் அக்கா. பரிசுத்தம் நான்தான். சிரித்தேன்.

காகிதத்தில் மடித்து என் மேசையில் ஒரு துண்டு கேக் வைத்திருந்தார். அப்படியே விட்டுவிட்டு வந்தேன். உலகத்தோடு ஒட்டாமல் இருங்கள் என்கிறார் போதகர். ஒட்டாமல் இருப்பதும் உடம்பு வலிக்கிற வேலைதான்.

மார்ச் 8, சனி

நாளை என் முறை. இரத்தப் பரிசோதனைக்கான மருந்துகள் இருக்கும் குளிர்பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். காலை ஒன்பதுக்கும் மாலை ஐந்துக்கும் பெட்டி எத்தனை டிகிரி என்று பார்த்து, கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிறன்று ஆய்வகம் மூடியிருக்கும், ஆனாலும் ஒருவர் வந்து பார்க்க வேண்டும்.

காலையில் எனக்கு ஆராதனை. மாலையில் சபைப் பிள்ளைகளுக்கு வகுப்பு. அதனால் என் முறை வரும் வாரங்களில் சனிக்கிழமையே எழுதிவிடுவேன். இன்றும் எழுதினேன்: காலை 4, மாலை 4. எப்போதும் நான்குதானே? கர்த்தருடைய நாளுக்காகத்தானே?

ஜெபக்கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது, ஓட்டமாக வந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

நல்ல ஆராதனை. பரிசுத்த வாழ்க்கையைப் பற்றிப் பிரசங்கம். இருமுறை அழுதேன்.

மார்ச் 10, திங்கள்

பெட்டியில் குளிர் போயிருந்தது. பதினெட்டு டிகிரி. உள்ளே இருந்த மருந்தெல்லாம் வீண். இரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம்.

காலை ஏழு மணிக்கு முதலில் வந்தவர் குருவி அக்கா. வரும்போதே கதவு லேசாகத் திறந்திருந்தது என்கிறார். சூப்பர்வைசர் தாளைக் காட்டினார். ஞாயிறு மாலை நான்கு டிகிரி, என் கையெழுத்து. அப்படியென்றால் இன்று காலை அக்காதான் கதவைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்க வேண்டும். கணக்கு அவ்வளவு நேராக இருக்கிறது.

“அந்தப் பொண்ணு பொய் எழுதுமா? நீங்கதான் ஒழுங்கா சொல்லணும்” என்றார் சூப்பர்வைசர், அக்காவிடம்.

என்னைக் காட்டித்தான் சொன்னார். நான் குனிந்து பரிசோதனைக் கண்ணாடித் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சனி மாலை அந்தக் கதவைக் கடைசியாக மூடியது நான். சரியாக மூடினேனா?

மார்ச் 11, செவ்வாய்

சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

அக்காவின் ஒப்பந்தத்தை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க மாட்டார்கள் என்று பேச்சு. கை கழுவுமிடத்தில் பக்கத்தில் வந்து நின்றார். அவர் பேசாமல் நின்று நான் பார்த்ததே இல்லை.

“நீ ஞாயித்துக்கிழமை பாத்தப்போ கதவு நல்லா மூடித்தானே இருந்துச்சு?”

ம் என்றேன்.

“அப்ப நான்தான் போல. வயசாகுதுல்ல, மறந்திருப்பேன்.”

என் பொய்யை அவர் நம்பிவிட்டார். தன்னைச் சந்தேகப்படுகிறார். ஐயோ, நான் என்ன செஞ்சிட்டிருக்கேன்? சினிமாவுக்குப் போகல, கேக் தொடல — இதுதான் பரிசுத்தமா?

ஜெபிக்க முழங்காலில் நின்றேன், உடனே எழுந்துவிட்டேன். களைப்பாக இருக்கிறது. அப்பா விருந்தாளிகளிடம் என் அடையாள அட்டையை எடுத்துக் காட்டுவார். எங்கள் வீட்டில் படித்து வேலைக்குப் போன முதல் ஆள் நான். வேலை போனால் என்ன காட்டுவார்?

மார்ச் 13, வியாழன்

சொன்னேன். சூப்பர்வைசர் அறையில், அக்காவையும் வைத்துக்கொண்டு. ஞாயிறு நான் வரவேயில்லை, சனிக்கிழமையே எழுதினேன், எட்டு மாதமாக இப்படித்தான் என்று. குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“கோயிலுக்குப் போறேன்னு கேட்டிருந்தா முறைய மாத்தியிருப்பேனேம்மா. கேக்க வாயில்லையா?”

இல்லை. அதுதான் உண்மை. கேட்கக் கூச்சம். எழுதுவது சுலபமாக இருந்தது.

எழுத்தில் எச்சரிக்கை. மூன்று மாதம் எல்லா ஞாயிறும் என் முறை. வேலை இருக்கிறது.

அக்கா என்னைப் பார்க்காமலே வெளியே போனார்.

மார்ச் 14, வெள்ளி

அம்மாவிடம் சொன்னேன். திட்டவில்லை. “மூணு மாசம் சபைக்கு வரலன்னா ஆளுங்க என்ன சொல்வாங்க?” என்று மட்டும் கேட்டார். போதகரிடமும் ஃபோனில் சொன்னேன். “அந்த அக்காகிட்ட மன்னிப்பு கேட்டியாம்மா?” என்றார்.

கேட்கவில்லை.

மார்ச் 15, சனி

கேட்டேன். அக்கா இரத்தக் குப்பிகளை அடுக்கியபடியே, “கேக்க அஞ்சு நாளாச்சா உனக்கு?” என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

எட்டே முக்காலுக்கே ஆய்வகம் போய்விட்டேன். இருட்டு அறை, பெட்டியின் உறுமல். சபையில் இந்நேரம் முதல் பாட்டு தொடங்கியிருக்கும்.

பின்னால் செருப்புச் சத்தம். குருவி அக்கா, கையில் டீக் குடுவை.

“நீ ஓடு, பாட்டு முடியறதுக்குள்ள போயிடலாம். நான் பாத்து எழுதுறேன். நிஜமாவே பாத்துத்தான் எழுதுவேன்.”

“இல்லக்கா. என் முறை.”

அவர் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு டீயை இரண்டாக ஊற்றினார்.

மணி ஒன்பது. 5.1. பார்த்துவிட்டு எழுதினேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, எண்ணையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சரிதான்” என்றார்.