பேரம் படியாத உத்தரவு

மார்ச் 4, செவ்வாய்

கடை திறந்ததும் பிளம்பர் இருவர் குழாய் பார்க்க வந்தார்கள். விலை பேசிக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரர் உள்ளே வந்துவிட்டார். பிரிந்து வந்த பிறகும் என் கடைக்குள் தன் கடைபோலத்தான் நுழைகிறார். கவுண்டர்மேல் வைத்திருந்த மாதிரிக் குழாய்களை ஒரே வீச்சில் கீழே தள்ளினார். "என் பொண்டாட்டிகிட்டப் பேச நான் எவன்கிட்ட அனுமதி கேக்கணும்?" பிளம்பர்கள் நழுவிவிட்டார்கள். என்னிடம் வேலை செய்யும் மீசைக்காரர்தான் குறுக்கே நின்றார். மீசைக்காரரின் சட்டையையும் கிழித்துவிட்டு —

எழுத்து கோணுகிறது.

மார்ச் 6

வக்கீலம்மாவைப் பார்த்தேன். கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாமாம். வீட்டுக்கும் கடைக்கும் வரக் கூடாது, போன் செய்யக் கூடாது, ஆள் அனுப்பக் கூடாது. "மீறினா அதுவே தனிக் குற்றம். அடிச்சாத்தான் போலீஸைக் கூப்பிடணும்னு இல்லம்மா, வந்து நின்னாலே கூப்பிடலாம்."

"காகிதம் அவர் கையைப் பிடிக்குமா?" என்று கேட்டேன்.

"பிடிக்காது. நீங்க கூப்பிட்டா போலீஸ் பிடிக்கும்."

சரக்கின் குறையை முதலிலேயே சொல்பவரை நம்பலாம். கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 7

நடந்ததையெல்லாம் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னார் வக்கீலம்மா. பைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவேன். இதற்கு வாய் வரவில்லை.

மார்ச் 19

உத்தரவு வந்துவிட்டது. இப்போதைக்கு அடுத்த விசாரணை வரை. ஸ்டேஷனிலும் ஒரு நகல் இருக்கிறது. மீசைக்காரர், "கடைச் சுவத்துல ஒட்டிடலாமா முதலாளியம்மா?" என்றார்.

"விலைப்பட்டியலாய்யா இது?"

ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

மார்ச் 27

கொழுந்தன் வந்தான். "அண்ணி, அண்ணன் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடறேங்கறார். ஒரே ஒரு தடவை நேர்ல பேசணுமாம். கோர்ட்டு கீர்ட்டுன்னு எதுக்கு அலையணும்?"

"உன்னை அனுப்பினதே தப்பு, தெரியுமா?"

"தம்பி வந்து அண்ணியைப் பாக்கறது தப்பா அண்ணி?"

வக்கீலம்மாவிடம் சொல்லவில்லை. எதிராளி இறங்கி வருகிறான். இறங்கும்போதே முடித்துக்கொள்ள வேண்டும். வெறும் கையோடு தொடங்கி இந்தக் கடையை அப்படித்தானே கட்டினேன்?

மார்ச் 29

போனேன். பஸ் நிலையத்துக்கு எதிரே காபிக் கடை. நாலு பேர் இருக்கிற இடம்னு நானே தேர்ந்தெடுத்தேன். பெரிய புத்திசாலி.

கையெழுத்துப் பேச்சே இல்லை. வழக்கை வாபஸ் வாங்கு, அவ்வளவுதான். எழுந்தேன். மேசைக்கு அடியில மணிக்கட்டைப் பிடிச்சு முறுக்கிட்டான். முகத்துல சிரிப்பு. பாக்கறவங்களுக்குப் புருஷன் பொண்டாட்டி கொஞ்சறாங்கன்னு தோணியிருக்கும். "நீயாத்தானே வந்தே? போய்ச் சொல்லு உன் கோர்ட்ல."

எப்படிப் போனேன்? எவனாவது இந்த மாதிரி சரக்கு கொண்டுவந்தா வாசல்லயே திருப்பி அனுப்பியிருக்க மாட்டேனா?

மார்ச் 30

வக்கீலம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "உத்தரவு அவருக்குத்தான். நீங்க போனதால அது செல்லாம போயிடாது. ஆனா, பயந்தவ ஏன் போனான்னு அவங்க வக்கீல் கேப்பார். மறைக்காதீங்க." டாக்டரிடம் கையைக் காட்டிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனோம். கொழுந்தன் தூது வந்ததையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன்.

ஆட்டோவில் வரும்போது யோசித்தேன். விலை பிடிக்கவில்லையென்றால் வாடிக்கையாளர் எழுந்து அடுத்த கடைக்குப் போகலாம். நான் எழுந்தபோது அவன் கையை விடவில்லை. அப்படியானால் அது பேரமே இல்லை. நான் மட்டும்தான் பேரம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்று நேற்றல்ல, கல்யாணமான நாளிலிருந்து.

ஏப்ரல் 8

கொழுந்தன் மறுபடியும். "அண்ணன் சாப்பிடறதே இல்ல அண்ணி." நான் ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். மீசைக்காரர் அவனிடம், "தம்பி, பைப் எத்தனை அடி வேணும்?" என்றார். போலீஸ் வருவதற்குள் பறந்துவிட்டான்.

சாப்பிடுவதில்லையா என்று மனசு ஒரு நிமிஷம் கேட்டது. அதையும் எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 17

விசாரணை. அவன் நேர் எதிரே உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டதும் காபிக் கடைக்குப் போனது யார் என்று அவன் வக்கீல் கேட்டார்.

"நான்தான் போனேன். பேசி முடிச்சிடலாம்னு நினைச்சேன். எழுந்து போக விடல."

வேறு எதுவும் சேர்க்கவில்லை. உத்தரவை ஒரு வருஷத்துக்கு நீட்டித்திருக்கிறார்கள். மீறியதற்குத் தனி வழக்கு. ஒரு வருஷத்துக்கு அப்புறம்? "அப்புறமும் நான் இங்கதான் இருப்பேன்" என்றார் வக்கீலம்மா.

ஏப்ரல் 26, சனி

மதியம் ஏணியில் நின்று மேல்தட்டில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், வாசலுக்கு முதுகைக் காட்டியபடி. "அக்கா, அரை இஞ்ச் எல்போ இருக்கா?" என்று பின்னாலிருந்து ஆண்குரல். "இருக்கு, நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த பெட்டியை ஒழுங்காக வைத்த பிறகுதான் இறங்கினேன். யாரோ புது ஆள். வாங்கியதே இரண்டு வளைவுத் துண்டு. அதற்கும் விலை குறைக்கச் சொன்னார். முடியாது என்றேன். "சரிக்கா" என்று சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.