காக்கக்கூடிய வீடுகள்

அக்டோபர் 14, திங்கள்

டிசம்பரில் வரும் கோடைக்கு முந்தைய வீட்டுச் சோதனை தொடங்கிவிட்டது. எங்கள் தொண்டர் தீயணைப்புப் படையில் தன் வீட்டைத் தானே சோதிக்கக்கூடாது. எனக்கு மலைமேட்டுச் சாலை, படையில் கூட இருக்கும் நெவிலுக்கு எங்கள் தெரு. வாசல் கம்பத்தில் பச்சை நாடா கட்டினால் அந்த வீடு 'டிஃபெண்டபிள்', காட்டுத்தீ வந்தால் தீயணைப்பு வண்டி வரும். சிவப்பு என்றால் வராது.

பள்ளியில் ஆங்கிலம் நடத்திய காலத்தில் இந்த 'ஏபிள்' வாலைச் சுலபமாகச் சொல்லிவிடுவேன். வினைக்குப் பின்னால் ஒட்டு, 'கூடிய' என்று பொருள் வந்துவிடும். குடிக்கக்கூடிய, துவைக்கக்கூடிய, காக்கக்கூடிய. யார் காப்பார்கள் என்று மட்டும் அந்த வால் சொல்லாது. அதைப் பிள்ளைகளும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

அக்டோபர் 19

மலைமேட்டில் என் அக்கா நோரீனின் வீடு. கூரையைத் தொட்டுக்கொண்டு யூகலிப்டஸ் மரங்கள், ஏறி இறங்க ஒரே பாதை, தொட்டியில் கால்வாசித் தண்ணீர். சிவப்பு கட்டினேன்.

"நீயாடி இதைக் கட்டுறே?"

"மரத்தை வெட்டு. நாளைக்கே பச்சை கட்டறேன்."

"உன் அத்தான் கீத் வெச்ச மரம். அவர் போயும் அது நிக்குது. நாடாவைக் கட்டிட்டுக் கிளம்பு, டீ கிடையாது."

டீ கொடுக்காமல் அனுப்புவது இந்த ஊரில் சின்ன விஷயமில்லை.

அக்டோபர் 20

என் வீட்டைச் சோதிக்க நெவில் வந்தான். வாழைப்பழ கேக் வைத்தேன், இரண்டு துண்டு சாப்பிட்டான். பச்சை.

நவம்பர் 22

ஊர் மதுக்கூடத்தில், சீட்டுக் குலுக்கி இறைச்சி பரிசு கொடுக்கும் நாள். அக்காவுக்கு ஒரு தட்டு ஆட்டுக்கறி விழுந்தது. மேசை மேசையாகப் போய்ப் பங்கு வைத்தாள், என் மேசையை மட்டும் விட்டுவிட்டாள். பிடிவாதத்தில் எங்கள் அப்பாவேதான்.

டிசம்பர் 28

மேற்கிலிருந்து அனல்காற்று. புகை இன்னும் தூரத்தில்தான். அக்கா காலையிலேயே காரில் பின்வண்டியை மாட்டி நாய், கோழிகள், கீத்தின் நாற்காலி, படங்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டாளாம். "சிவப்பு வீட்டுக்காரி எதுக்கு நிக்கணும்?" என்று கடையில் சொன்னாளாம். கேட்டுக் கொஞ்சம் சிரித்தேன். நான் எதையும் கட்டி வைக்கவில்லை. எதற்கு?

டிசம்பர் 30

என் வீடு தீயில் போயிற்று. அக்காவுடையதும்.

டிசம்பர் 31

தீயின்போது படைக் கூடத்தில் வயர்லெஸ்ஸில் இருந்தது நான். வண்டிகளை எங்கே அனுப்புவது என்று சொன்னதும் நான். எங்கள் தெரு பச்சை, அதனால் நெவிலின் வண்டியை அங்கே அனுப்பினேன். என் வீட்டுப் பின்பக்க மரம் எரிந்து கூரைமேல் விழுந்து, வண்டி வெளியேற வேண்டிய பாதையையும் மறித்தது. நெவிலும் கூட இருந்தவரும் வண்டிக்குள் தீத்தடுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்து உயிர் தப்பினார்கள். நெவிலுக்குக் கை வெந்துவிட்டது.

ஜனவரி 4

நெவிலைப் பார்க்கப் போனேன். கையில் கட்டு. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த மரத்தை அன்னிக்கே பார்த்தேன், கிளெனிஸ். சிவப்புதான் கட்டியிருக்கணும். உங்ககிட்டச் சொல்ல வாய் வரலை. கேக் வேற வெச்சிட்டீங்க."

கேக்! ஒரு கேக்குக்காக உன் உயிரையே விட இருந்தியேடா— எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தேன்.

இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். அந்த மரம் என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றது. பாத்திரம் கழுவும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். அக்கா வீட்டில் ஒரே பார்வையில் தெரிந்தது, இங்கே ஏன் தெரியவில்லை? தெரியவில்லையா, அல்லது பச்சை கட்டியாயிற்றே என்று விட்டுவிட்டேனா?

ஜனவரி 9

வீடிழந்தவர்கள் தங்குவதற்காகச் சந்தைத் திடலில் கேரவன்கள், அந்தச் சக்கர வீடுகள், வரிசையாக நிற்கின்றன. படைக் கூடத்துத் தரையில் படுத்திருந்த என்னைத் தேடிக்கொண்டு அக்கா வந்தாள். "எழுந்திரு. எங்கிட்ட ரெண்டு படுக்கை இருக்கு" என்றாள்.

அவள் கேரவனில் எல்லாமே இருந்தது. கீத்தின் நாற்காலி, அம்மாவின் கல்யாணப் படம், நான் கைக்குழந்தையாக இருக்கும் படம்கூட. என்னிடம் உடுத்தியிருந்த சீருடையைத் தவிர ஒன்றுமில்லை. அவளுடைய இரவுச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். எனக்கு ரொம்பத் தொளதொள.

"உன் மேல கோவம்தான்டி. இப்பவும் இருக்கு," என்றாள் விளக்கை அணைத்துவிட்டு. "ஆனா பாரு, என் வீடு நிக்காதுன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்ல எனக்கு நீ இருந்தே. உனக்குத்தான் சொல்ல ஆளில்லாமப் போச்சு."

நான் அழுதேன். கோழிகள் வெளியே கூண்டில் முனகிக்கொண்டிருந்தன.