நீர் போட்ட கையெழுத்து

மில்லிக்கன்,
நவம்பர் 23, ஞாயிறு.

அன்புள்ள மெலனிக்கு,

ஷாமிலா அக்கா வீட்டில் நீர் சுகமாய் இருக்க வேண்டுமென்று ஆண்டவரை மன்றாடுகிறேன். போனில் பேசினால், உம்முடைய குரலைக் கேட்டதும் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டில் எல்லாம் நீர் விட்டபடிதான். கராஜ் கதவு மறுபடி இறுகிவிட்டது. உம்மோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற கௌசி இரண்டு தரம் விசாரித்தா. சுகமில்லாத அக்காவைப் பார்க்கப் போயிருக்கிறீர் என்று சொன்னேன். அதுவும் பொய்தான்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி எழுத வேண்டும். வேட்டைத் துவக்கை வாங்கி அன்றைக்கு ஒன்பது நாள். உமக்குத் தெரியாமல் கராஜில் பூட்டி வைத்திருந்தேன். என்னோடு வேலை செய்கிற கிளிபோட்டும் மற்றவர்களும் ஒவ்வொரு நவம்பரும் வடக்கே மான் வேட்டைக்குப் போவார்கள். பதினொரு வருஷம் சாப்பாட்டு மேசையில் அவர்களுடைய கதையைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். "இந்த முறை நீங்களும் வாங்கோ அங்கிள்" என்று அவன் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. காரணம் அது மட்டுமல்ல. மன்னாரில், சண்டைக் காலத்தில், துவக்கு வைத்திருந்தவனுக்கு முன்னால் எத்தனை தரம் சைக்கிளை விட்டு இறங்கி நடந்திருப்பேன். ஒருமுறையாவது அது என் கையில் இருக்க வேண்டும் என்று ஓர் ஆசை. நாற்பத்தொன்பது வயதில் இப்படி ஓர் ஆசை இருந்ததை எழுதவே கூசுகிறது.

புதுத் துவக்கை வாங்கியவுடன் அப்படியே சுடக்கூடாதாம். தொழிற்சாலையில் பூசிய கொழுப்பை முதலில் துடைக்க வேண்டும். பிறகு ஒரு வெடி, குழலைத் துடைப்பது, இன்னொரு வெடி, மறுபடி துடைப்பது. அப்படிப் பத்துத் தரம். குழலுக்குள் இருக்கிற சொரசொரப்பு அப்படித்தான் தேயும் என்று கிளிபோட் சொன்னான். அன்று காலை சுடுதளத்தில் அதைச் செய்துவிட்டு, கடைசித் துப்புரவுக்கு வீட்டுக்கு வந்தோம். கராஜ் குளிர் என்று குசினி மேசையில் பழைய துவாயை விரித்தேன். நீர் ஐந்து மணிக்குத்தான் வருவீர் என்ற துணிவு. துணித்துண்டைக் கம்பியில் கோர்த்து, குழலின் பின்பக்கமாகத் தள்ளி, கறுப்புப் போய் வெள்ளையாய் வரும்வரை துடைத்தேன். பிறகு விரல் நுனியளவு எண்ணெய். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது மெலனி. அதையும் மறைக்கவில்லை.

எண்ணெய் பரவட்டுமென்று ரவை ஏற்றுகிற போல்ட்டைத் திரும்பப் போட்டு, பின்னால் இழுத்து, சடக்கென்று முன்னால் தள்ளிப் பூட்டினேன். அந்த நேரம் பார்த்து நீர் கதவைத் திறந்தீர். உள்ளே ரவை ஒன்றும் இல்லை. ஆனால் உமக்கு அந்தச் சத்தமே போதும். நீர் கத்தவில்லை. கைப்பையைத் திறந்து டிரைவிங் லைசென்ஸ் கார்டை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றீர். சொந்தக் குசினியில், சொந்தப் புருஷனிடம்.

கிளிபோட் ஆறு வயதில் இங்கே வந்தவன். "அன்ரிக்கு என்ன?" என்று கேட்டான். "இவவுக்கு இப்பவும் வவுனியா செக்பொயின்றிலை நிக்கிற நினைப்பு" என்று சொல்லி, நான் சிரித்தேன்.

நீர் கார்டை உள்ளே வைத்துவிட்டு அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தீர். அடுத்த நாள் காலை மொன்றியல் பஸ் ஏறினீர். போகும்போது, "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னீர்.

நீர் அறியாதது இதுதான். உம்மிடம் கேட்டதாகத்தான் கடதாசியில் இருக்கிறது.

துவக்கு லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது, மனைவிக்குத் தெரியும் என்று அவவின் கையெழுத்தை வைக்க ஓர் இடம் உண்டு. போன மார்ச்சில் கார் இன்சூரன்ஸ் கடதாசிகள் என்று உம்மிடம் தந்தேனே, அவற்றுக்கு நடுவில் அதையும் வைத்தேன். நீர் வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "எங்கை போட வேணும்?" என்று கேட்டீர். நான் விரலால் காட்டினேன். என்னை நம்பினபடியால் நீர் வாசிக்கவில்லை. உம்மைப்போல ஒருத்திக்காகத்தான் சட்டம் அந்த இடத்தை விட்டிருக்கிறது. அதை நான் களவெடுத்தேன்.

வேட்டைக்குப் போகவில்லை. போன செவ்வாய் நானே பொலிசுக்குப் போன் எடுத்தேன். மத்தியானம் துவக்கை எடுத்துப்போக இரண்டு பேர் வந்தார்கள். ஏன் ஒப்படைக்கிறாய் என்று பெண் பொலிஸ் கேட்டா. மனைவிக்குப் பயம் என்று வாயில் வந்துவிட்டது. அவ எழுதத் தொடங்கினா. எழுத வேண்டாம், மனைவியை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினேன் என்று திருத்திச் சொன்னேன். பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. அந்தப் பார்வை எனக்கு வேண்டியதுதான். கிளிபோட்டுக்கும் சொல்லிவிட்டேன். அவன் இப்போது சாப்பிடும்போது கொஞ்சம் தள்ளி இருக்கிறான்.

லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து உமக்குப் போன் வரலாம். தமிழில் பேச ஆள் வேண்டுமென்றால் கேளும். என்னைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். நீர் அப்படிச் செய்யக்கூடிய ஆள் என்பதுதான் என் பயம். நடந்ததை நடந்தபடி சொல்லும். வழக்கு வந்தால் வரட்டும்.

வரச்சொல்லி எழுத எனக்கு முகமில்லை. மொன்றியலில் குளிர் இங்குள்ளதைவிடக் கூட. உம்முடைய தடித்த ஜக்கெட்டையும் பனிச் சப்பாத்தையும் இத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். முதல் கிழமையே அனுப்பியிருக்க வேண்டும். இங்கே இருந்தால் எடுக்கவாவது வருவீர் என்று வைத்திருந்தேன். நீர் குளிரில் நின்றிருப்பீர். அதற்கும் மன்னியும்.

ஆண்டவர் உம்மோடு இருப்பாராக.

ஜெனாட்