போன் நாற்காலி

மார்ச் 3, செவ்வாய்

பேத்தி இன்று வந்ததும் செருப்பைக் கழற்றாமல் கூடத்தில் அப்படியே நின்றாள். ஆபீஸில் யாருக்குக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் போனில் பதில் சொல்லுவது அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே நாற்காலிதான். பக்கத்து அறையில் நெட்வொர்க் பிரிவு. அத்தனை கம்ப்யூட்டரையும் ஒன்றோடொன்று சேர்த்து, திருடன் நுழையாமல் காவலும் காப்பது அவர்கள்தானாம். அங்கே ஓர் இடம் காலி என்று தெரிந்ததும் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். மேலாளர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுக் கடைசியில், "நீ போயிட்டா போனை யாரும்மா எடுப்பா?" என்றாராம்.

ஒழுங்காக வேலை செய்ததற்குத் தண்டனை. அவனுக்குத் தலையாட்டி என்று பெயர் வைத்துவிட்டேன். புதுப் பெண்ணாய் வந்த அன்று என் நாத்தனார், "கையெழுத்தாவது போடத் தெரியுமா இதுக்கு?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் மன்னிக்கவில்லை. தலையாட்டி எம்மாத்திரம்?

மார்ச் 8, ஞாயிறு

கூடத்து மேசையில் ஓர் இரும்புப் பெட்டி. யாரோ வேண்டாமென்று தள்ளியதை வாங்கி வந்திருக்கிறாள். முன்பக்கம் வரிசையாகப் பொந்துகள், ஒவ்வொன்றுக்கும் மினுக்கென்று ஒரு பச்சை விளக்கு. வயர்கள் கோழி கிளறிய குப்பை மாதிரி கிடக்கின்றன. வீட்டு இன்டர்நெட்டே இனி இது வழியாகத்தான் போகுமாம். இதில் பழகித்தான் வேறு கம்பெனியில் நெட்வொர்க் வேலை தேடப்போகிறாள்.

என் மகள் முணுமுணுத்தாள், சாப்பிட எங்கே உட்காருவதென்று. மடியில் வைத்துச் சாப்பிடு என்றேன்.

மார்ச் 14, சனி

விடிந்ததிலிருந்து பெட்டி முன்னால்தான். கட்டுகிறாள், கலைக்கிறாள். முகத்தில் அலுப்பே இல்லை. பிடிவாதம் என் வழி.

மார்ச் 19, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

இன்று அவளுக்கு நேர்காணல். உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் வழியாகப் பேசிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தைப் பெருக்கினேன். ஒரு வயரின் ஒரு முனை பெட்டியில் இருந்தது. மறுமுனை தரையில் கிடந்தது. துடைப்பத்தில் சிக்கிக்கொண்டே வந்தது. காலியாக ஒரு பொந்தும் இருந்தது. எடுத்துச் செருகினேன் — அவ்வளவுதான்.

எல்லா விளக்கும் ஒன்றாகச் சேர்ந்து, வெறிபிடித்த மாதிரி துடித்தன. நல்ல வேலை செய்தோம், பெட்டிக்கு உயிர் வந்துவிட்டது என்று நினைத்தேன். பாவி.

கதவு திறந்தது. ஓடிவந்தாள், பார்த்தாள், வயரைப் பிடுங்கினாள். திரும்பி உள்ளே ஓடினாள். அதற்குள் கேள்வி கேட்டவர்கள் இணைப்பு அறுந்து போய்விட்டார்கள்.

இரண்டு முனையும் ஒரே பெட்டியில் இருந்தால், போன சேதியே சுற்றிச் சுற்றி வந்து வேறெதற்கும் வழிவிடாதாம். அதைத் தடுக்கிற காவல் ஒன்று பெட்டிக்குள்ளேயே உண்டாம். பழகுவதற்காக இவள்தான் அதை அணைத்து வைத்திருந்தாளாம்.

"கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கவே தெரியாதா பாட்டி உனக்கு?"

என்னையா கேட்டாள்? அணைத்து வைத்தது யார்?

மார்ச் 20, வெள்ளி

பேசவில்லை. நானும்தான்.

மார்ச் 21, சனி

என்னால் பொறுக்க முடியவில்லை. நானே போய், கரண்ட் போய்விட்டதென்று எழுதிக் கேள், இன்னொரு தரம் கூப்பிடுவார்கள் என்றேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"அவங்க கதவைக் காக்கிற வேலை பாட்டி அது. பொய் சொல்லிக்கிட்டே உள்ள போகச் சொல்றியா?"

எனக்குச் சுருக்கென்றது. நடந்ததை நடந்தபடியே எழுதி அனுப்பினாள்: காவலை அணைத்தது தன் தப்பு, வயரைச் செருகியது வீட்டுப் பெரியவர், இன்னொரு வாய்ப்பு வேண்டும். என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று ஒரு நிமிஷம் குமைந்தேன். பிறகு யோசித்தால், தன் தப்பைத்தானே முதலில் எழுதியிருக்கிறாள்?

சாயங்காலம் பெட்டியில் என்னென்னவோ செய்துவிட்டு வயரை என் கையில் கொடுத்தாள். "இப்ப செருகு."

மாட்டேன் என்றேன். பட்டது போதாதா?

"செருகு பாட்டி. உன்னைத் தாங்கினா இது யாரையும் தாங்கும்."

செருகினேன். அந்த ஒரு பொந்தின் விளக்கு மட்டும் அணைந்தது. மகள் பார்த்துக்கொண்டிருந்த படம் நிற்கவே இல்லை. வேறு பொந்து. அதுவும் அணைந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என்னையா அடைக்கிறாய் என்று இருக்கிற வயரையெல்லாம் செருகிப் பார்த்தேன். மசியவில்லை.

"வெளியே எதிரியைத் தேடவே வேண்டாம், வீட்டிலேயே ஒண்ணு இருக்கு" என்றாள் மகள். மூன்று பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம்தான் சிரித்தேன்.

மார்ச் 26, வியாழன்

அவர்களிடமிருந்து பதில் இல்லை. வேறு இரண்டு இடங்களுக்கு எழுதிப் போட்டுவிட்டு, பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நான் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறேன், சேதி என்னவோ நடந்து வருவது மாதிரி.

ஏப்ரல் 1, புதன்

முதலில் நேர்காணல் செய்தவர்களே கூப்பிட்டுவிட்டார்கள். நேரில் வரச் சொல்லி. இன்று போய்விட்டு வந்தாள். பாதி நேரம் துடைப்பத்தைப் பற்றித்தான் கேட்டார்களாம். மீதி நேரம், அதைத் தடுக்க என்ன செய்தாய் என்று. அங்கே யாருக்கும் என் பெயர் தெரியாது, என் துடைப்பம் தெரியும். நல்ல கூத்து.

ஏப்ரல் 10, வெள்ளி

கிடைத்துவிட்டது.

ராஜினாமாவை நீட்டியதும் தலையாட்டி, சம்பளத்தை உயர்த்துகிறேன், நெட்வொர்க் பிரிவிலேயே போடுகிறேன் என்றானாம். நாலு வார்த்தை கேட்டாயா என்றேன். "எதுக்கு பாட்டி? எனக்கு நேரமில்லை" என்கிறாள். அவளுக்கு மறந்தே போய்விட்டது. வீட்டில் யாராவது ஒருத்தர் ஞாபகம் வைத்திருக்க வேண்டாமா? வைத்திருக்கிறேன்.

மே 13, புதன்

காலையில் இன்டர்நெட் இல்லை. பேத்திக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. வேலையில் இருந்தால் எடுக்க மாட்டாள், புது ஆபீஸின் கம்ப்யூட்டர் அறையில் ஒரே இரைச்சல்.

இணைப்புக் கொடுத்த கம்பெனிக்கே போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். சின்னக் குரல், தொண்டை கட்டியிருந்தது. கோளாறு அவர்கள் பக்கமாம், மதியம் சரியாகிவிடும் என்றாள். வைத்துவிடலாம். வைக்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றாள். அந்த நாற்காலியை விட்டு எப்போது எழுந்திருக்கப்போகிறாய் என்றேன்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அடுத்த மாசம் நெட்வொர்க் பரீட்சை எழுதுறேம்மா. இங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. இங்கே எழுதியதோடு சரி.