பெரியவனுக்கு என்று எழுதிய கவர்

மந்தைவெளி,
10.2.2025

அன்பு மகள் சரண்யாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், ஹாலிஃபாக்ஸ் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே எங்கள் நினைப்பு. தினமும் போனில் முகம் பார்க்கிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். முகம் பார்த்துச் சொல்ல முடியாததால்தான். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு லஸ்ஸுக்குப் போய்வருவதில் எனக்கும் கால் போய்விட்டது. கீழ்வீட்டுச் செம்பியன் இன்னமும் என் ஸ்கூட்டர் நிற்கிற இடத்தில்தான் காரை நிறுத்துகிறான், நானும் இன்னமும் அவனோடு பேசுவதில்லை. எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து என்னைத் தாண்டித் தலைமையாசிரியரானவர் பேரனின் காதுகுத்துக்கு அழைத்திருந்தார், போகவில்லை. இதெல்லாம் நீ கேட்டுக் கேட்டுச் சலித்தது, விடு.

நாலு வருஷத்துக்கு முன் நீ இணையத்தில் நம் குடும்ப மரம் ஒன்று போட்டாய். அதில் என் பெயருக்குப் பக்கத்தில் உன் பெரியப்பா கோதண்டபாணியின் பெயரையும் எழுதிவிட்டாய் என்று நாலு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். எடு என்றேன், நீ எடுக்கவில்லை. அந்த மரத்தைப் பார்த்துவிட்டுப் போன மாதம் சிம்ரா என்று ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். ராயப்பேட்டைக்காரி, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வீடு. பழைய பேப்பர் கடைகளில் கிடக்கிற குடும்பப் படங்களை எடுத்து, பின்பக்கம் இருக்கும் பெயர், ஸ்டூடியோ முத்திரை, வாக்காளர் பட்டியல் என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்து, அந்தக் குடும்பத்து வாரிசைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவளுடைய லீவு நாள் வேலையாம். போட்டோத் தாளை மில்லுல எடுத்துக்க மாட்டாங்க சார், அதனால கடைக்காரங்க தனியா மூட்டை கட்டிப் பரண்ல போட்டுடுவாங்க, கடையை இடிக்கிறப்பதான் வெளிய வரும் என்றாள். அவள் காட்டிய ஒரு படத்தின் பின்னால் என் அம்மா பென்சிலால் எங்கள் இருவர் பெயரையும் சேர்த்து, கோதண்டபாணி, ஜவஹர், சாந்தோம் பீச் என்று எழுதியிருந்தாள். உங்க அப்பாவுக்குச் சாமியும் வேணும் காங்கிரஸும் வேணும் போல, ஒரே வீட்ல இந்த ரெண்டு பேரும் எங்க சார் கிடைக்கும், உங்க பொண்ணு மரத்துலதான் பக்கத்துல பக்கத்துல இருந்தீங்க என்று சிரித்தாள்.

எந்தப் படங்கள் என்று உனக்குத் தெரியும். 2004இல் அம்மா போய்ப் பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட நல்ல படமாகத் தேடினோம். ஆல்பத்தில் ஒன்றுகூட இல்லை, படத்தைச் செருகும் முக்கோணக் காகிதங்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. பந்தலில் அத்தனை பேர் முன்னால் அண்ணனைக் கேட்டேன், பீரோவைத்தான் எடுத்துக்கிட்டே, அம்மா முகத்தையாவது எனக்கு விட்டு வெச்சிருக்கக் கூடாதா என்று. உன் வாய் அடங்காதுடா என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு, அவர் சாகும் வரை பதினெட்டு வருஷம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

சிம்ரா மேசைமேல் இரண்டு கவர்களை வைத்தாள். ஒன்றில் பெரியவனுக்கு, இன்னொன்றில் சின்னவனுக்கு, இரண்டும் அம்மாவின் எழுத்து. இரண்டையும் சேர்த்துச் சுற்றியிருந்த அட்டையில் பத்தாம் வகுப்பு ஈ பிரிவு, அரையாண்டு 2003 என்று சிவப்பு மையில் இருந்தது. இது யார் எழுத்து சார் என்றாள். தெரியாது என்றேன். அது என் எழுத்து. காரியம் முடிந்த இரண்டாம் மாதம் வீட்டைக் காலி செய்தபோது, மேசைக்கு அடியில் கிடந்த விடைத்தாள் கட்டுகளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் நானேதான் பேப்பர்காரனிடம் தூக்கிக் கொடுத்தேன். அம்மா உயிரோடு இருக்கும்போதே நாங்கள் பாத்திரம் பண்டத்துக்குப் பங்கு பேசிக்கொண்டிருந்தோம். அதனால்தான் அவள் படங்களை யாருக்கும் தெரியாமல் பிரித்து, நான் தாளைத் தூக்கி எறிகிறவன் இல்லை என்று நம்பி அந்தக் கட்டுக்குள் வைத்திருக்கிறாள். பந்தலில் நான் கத்தியபோது எல்லாப் படங்களும் பத்தடி தூரத்தில் என் மேசைக்கு அடியில் இருந்திருக்கின்றன.

பெரியவர் கவரை அவங்க வாரிசு கையிலதான் கொடுக்கணும், மரத்துல அவர் பேருக்குக் கீழ யாரும் இல்லையே, எங்க இருக்காங்க சார் என்று சிம்ரா கேட்டதற்கும் தெரியாது என்றுதான் சொன்னேன். அவள் என் கவரைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பையில் வைத்துக்கொண்டு போனாள். உன் அம்மா காபி டம்ளரை எடுத்துக்கொண்டே, உங்களுக்கா தெரியாது, அவர் வீட்டுக்கு எந்த பஸ் போகும், எத்தனை மணிக்குப் போகும் வரைக்கும் தெரியுமே என்றாள். உண்மைதான். அண்ணன் போன அன்றைக்குச் சட்டை மாற்றிக்கொண்டு கோடம்பாக்கம் பவர் ஹவுஸ் வரை பஸ்ஸில் போனேன், இதை இதுவரை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. தெருமுனைச் சுவரில், எடுக்கிற நேரம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அதில் இருந்த முகம் யாரோ போல இருந்தது. அப்படியே திரும்பிவிட்டேன்.

ஒரு வாரம் தூக்கமில்லாமல் இருந்துவிட்டுச் சிம்ராவைக் கூப்பிட்டு, அண்ணன் மகள் சிந்துவின் விலாசம் சொன்னேன். அப்ப நீங்களே கொண்டுபோய்க் கொடுங்க சார், நான் வெளியாள்தானே என்று கவரை என்னிடமே தந்துவிட்டாள். நேற்று போனேன். வாங்க சித்தப்பா, மூணு மாடி, லிஃப்ட் கிடையாது, முதல்ல உக்காந்து மூச்சு விடுங்க என்றாள் சிந்து, இருபது வருஷத்தை அதோடு முடித்துவிட்டாள். சுவரில் அண்ணன் படம், வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கியது. கண் இருக்கிற இடத்தில் இரண்டு கரும்புள்ளி. அப்பாவுக்கு வேற படமே இல்ல சித்தப்பா என்றாள். கவரைப் பிரித்தாள். அம்மா மடியில் மொட்டையடித்த நான், பள்ளிக்கூட உடுப்பில் நான், டைபாய்டு வந்து தேறிய நான். பதினொன்றிலும் நான்தான். எங்கப்பா எங்க சித்தப்பா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அம்மா அப்படிப் பிரித்திருக்கிறாள் சரண்யா, என் முகத்தை அவருக்கும் அவர் முகத்தை எனக்கும். என் கவரில் இருக்கிற பதினான்கிலும் அண்ணன், சாந்தோம் பீச் படத்தில் மட்டும் பக்கத்தில் நானும். அதை நான் கொண்டுபோகவில்லை, என் பங்கு என்று வீட்டில் பூட்டி வைத்திருந்தேன்.

சிந்து அடுத்துச் சொன்னதுதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. பழைய படம் கேட்டால் அண்ணன் எப்போதும், எல்லாம் உங்க சித்தப்பாகிட்ட இருக்கு, அவன் ஒரு துண்டுக் காகிதம்கூடத் தூக்கிப் போட மாட்டான் என்றுதான் சொல்வாராம். அப்பா சொன்ன மாதிரியே பத்திரமா வெச்சிருந்திருக்கீங்க என்றாள். நான் ஆமாம்மா என்றேன். அவள் கொடுத்த காபியையும் குடித்துவிட்டு இறங்கி வந்தேன்.

இருபது வயதில் பெரிய காலர் சட்டையோடு அண்ணன் சிரிக்கிற படத்தைத் தி. நகரில் பெரிதாக்கக் கொடுத்திருக்கிறேன், சனிக்கிழமை தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதையும் பதினான்கு படங்களையும் சிந்துவிடம் கொடுத்து, கட்டைத் தூக்கிப் போட்டது நான்தான் என்று சொல்ல வேண்டும். சொல்வேன் என்று எனக்கே உறுதியில்லை, இந்த வயதில் என்னை எனக்குத் தெரியும். இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு வாரமாவது ஆகும். வந்ததும் சிந்துவுக்குப் போன் போடு, நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தால் இதைக் கிழித்துவிடு. தெரியாவிட்டால் முதல் வரியிலிருந்து படித்துக் காட்டு, எதையும் விடாதே.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. மறக்காமல் ஒன்று செய், அந்த மரத்தில் பெரியப்பா பெயருக்குக் கீழே சிந்துவை எழுது. இறந்த நாள் என்ற இடம் காலியாக இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 17, புதன்கிழமை. காலை பதினோரு மணிக்கு எடுத்தார்கள்.

உன் அப்பா,
ஜவஹர்