பத்தாவது பெயர்

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்து தூறல். வகுப்பறை மூலையில் ஒழுகல், வாளி வைத்தாயிற்று. வருகை பத்துக்குப் பத்து. ஐந்து வகுப்புக்கும் சேர்த்தே அவ்வளவுதான். தலைமை ஆசிரியை நான், உதவிக்கு சாந்தி.

தனியார் பள்ளி வேன் இப்போது ஊருக்குள்ளேயே வருகிறது. ஹாரன் கேட்டாலே பிள்ளைகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கிறேன்.

வாங்க: சாக்பீஸ், பினாயில், தலைவலி மாத்திரை.

ஜூன் 11, புதன்
பயந்தது நடந்துவிட்டது. மூன்றாம் வகுப்பு ரம்யாவின் அம்மா மஞ்சுளா வந்தாள். செல்போன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து, கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல்.

"டி.சி. குடுத்துடுங்க டீச்சர். வேன் ஸ்கூல்ல சேக்கறோம்."

ஏம்மா என்றேன்.

"வூட்ல தெலுங்கு, வெளிய கன்னடம். தமிழு உங்ககிட்ட மட்டுந்தான். மூணாவது வந்துட்டா, பஸ் போர்டு படிக்கத் தெரியலீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. அப்புறம், "உங்க பாப்பா எந்த ஸ்கூலுங்க டீச்சர்?" என் மகள் படிப்பது ஓசூரில் ஒரு மெட்ரிக் பள்ளி. பதிவேட்டைப் புரட்டினேன்.

கம்ப்யூட்டரில் நான் பெயரை விடுவித்தால்தான் அங்கே சேர்க்க முடியும். "சர்வர் வேலை செய்யல, திங்கக்கிழமை வாம்மா" என்றேன். சர்வர் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 13, வெள்ளி
அடுத்த வாரம் வட்டாரக் கல்வி அலுவலர் தலை எண்ண வருகிறாராம். பத்துக்குக் கீழே போனால் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. உண்மையா, தெரியாது. கேட்கவும் பயம்.

பக்கத்து ஊருக்குக் கம்பெனி ரோட்டைத் தாண்டணும். நாள் பூரா கன்டெய்னர் லாரிகள். ஒன்றாம் வகுப்பு முனிராஜ் என் இடுப்பு உயரம்கூட இல்லை. அவன் அங்கே பையோடு நிற்பதே கண்ணுக்குள் வருகிறது.

எனக்கும் மாற்றல் வரும். அதுவும் பயம்தான், மறைப்பானேன்.

ஜூன் 16, திங்கள்
மஞ்சுளா மறுபடி. நானும் மறுபடி சர்வர். "அங்க ஒரு எடந்தான் இருக்குதாம். கொஞ்சம் சீக்கிரம் பாருங்க டீச்சர்." சாந்தி என்னையே பார்த்தாள்.

ரம்யாவைத் தனியே உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிறாள். விரல் ஒரு வரியில், வாய் வேறு வரியில். இரண்டு வருடமாக இதை எப்படிப் பார்க்காமல் விட்டேன்? மற்ற ஒன்பது பேரையும் அப்படிச் சோதிக்க இன்று தைரியமில்லை.

ஜூன் 18, புதன்
வெயில். அலுவலர் வந்தார். எண்ணினார். பத்து. கையெழுத்து, டீ, பிஸ்கட். "பரவாயில்லையே டீச்சர், இந்த வருசம் தப்பிச்சுட்டீங்க." ஜீப் போனதும் டீ டம்ளரைக் கழுவி வைத்தேன். இன்றைக்கே ரம்யா பெயரை விடுவித்துவிடுவதென்று முடிவு.

பள்ளி விடும் நேரம் மஞ்சுளா. நானே முந்திக்கொண்டு, "சர்வர் வந்துடுச்சும்மா, இப்பவே போட்டுடறேன்" என்றேன்.

"வேணாங்க டீச்சர். வேற புள்ளையச் சேத்துட்டாங்களாம். இனி அடுத்த வருசந்தானாம்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையிலிருந்து நாலு மாம்பழம் எடுத்து மேசைமேல் வைத்தாள். "எங்க மரத்துதுங்க. எங்களுக்காவ ரெண்டு வாட்டி சர்வரப் பாத்தீங்களே, அதுக்குத்தான்."

வாங்கிக்கொண்டேன்.